புதுப்பிப்பு: பின் ஆக்ஸில் வலுவூட்டல் வேலை முடிந்தது

மேடுபள்ளங்களில் ஓடி வளைந்துபோன என் டிரக்கின் பின் ஆக்ஸில் குழாயை (பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அச்சின் வெளிக்குழாய்) நிமிர்த்திவிட்டதாகவும், அது மீண்டும் வளையாதபடி அதன் மேற்புறத்தில் பிராக்கெட்டுகளை, அதாவது வலுவூட்டும் எஃகுத் தாங்கிகளை, பற்றவைக்கப் போவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். அந்த வேலை இப்போது முடிந்துவிட்டது.

அட்டையில் பிராக்கெட்டின் வடிவத்தை வெட்டிக் குழாயின் மேல் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரியாத வரை திருத்திய பிறகே 6 மி.மீ. எஃகுத் தகட்டில் கை வைத்தேன்.

நான் முதலில் குறைவாக மதிப்பிட்டது சூட்டைத்தான். பற்றவைத்த பக்கம் ஆறும்போது சுருங்கிக் குழாயின் முனைகளைத் தன் பக்கம் இழுக்கும் என்பதால், பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் முன்பே கழற்றிவிட்டு, சிறு சிறு துண்டுப் பற்றவைப்புகளாக இடமும் வலமும் மாறி மாறி, ஒவ்வொன்றும் கைபொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே அடுத்ததை வைத்தேன். ஆனால் கடைசியில் பொறுமை இழந்து ஒரே மூச்சில் நீளமாக ஓட்டிய ஒரு பற்றவைப்பு வரி வேலையைக் கெடுத்தது. குழாய்க்குள் சுழன்று சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்டைச் செருகியபோது முனையில் உரசல் கேட்டது. எதிர்ப்புறத்தை ஓரிடத்தில் சிவக்கச் சூடேற்றித் தானாக ஆறவிட்டேன். அந்தச் சுருக்கம் குழாயைத் திரும்ப இழுத்ததால் உரசல் நின்றது.

ஆக்ஸிலின் நடுவில் இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரங்கள் இருக்கும் வார்ப்பிரும்பாலான டிஃபரன்ஷியல் கூட்டில் பற்றவைக்கவே இல்லை. முன்சூடேற்றமும் நிக்கல் பற்றவைப்புத் தண்டும் மெதுவான ஆறலும் இல்லாவிட்டால் அங்கே விரிசல் விட வாய்ப்பு அதிகம் என்பதால், பிராக்கெட்டின் நடுப்பகுதியை அதனுடன் போல்ட்டால் பிணைத்தேன். ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது பிராக்கெட்டின் முகடு பிரேக் குழாயைத் தொடாமலிருக்க, அதில் ஒரு விரற்கடை அளவு தேய்த்தெடுக்க வேண்டியிருந்தது.