கறிவேப்பிலையில் கார்பென்டசிம்: டி3 சேர்த்தும் ரிக்கவரி ஏறவில்லை

மூன்றாமாண்டு_பிஎச்டி:
கறிவேப்பிலையில் பூஞ்சைக்கொல்லி எச்சம் பார்க்கிறேன். கார்பென்டசிம் (ஊரில் பாவிஸ்டின் என்பார்களே, அதுதான்), டெபுகோனசோல் இரண்டும். மருந்து தெளிக்காத இலையை அரைத்து 10 கிராம் எடுத்து, கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் கணக்கில் இரண்டையும் நானே சேர்த்து, கெச்சர்ஸ் முறையில் (எச்சம் பிரிக்கும் விரைவு முறை) 10 மில்லி அசிட்டோநைட்ரைல் கரைப்பானை ஊற்றிப் பிரித்தேன். சாறு கரும்பச்சை. சாற்றைச் சுத்தம் செய்யும் பிஎஸ்ஏ தூளோடு, நிறத்தை உறிஞ்சும் கார்பன் தூளையும் தாராளமாகப் போட்டதும் தண்ணீர் மாதிரி தெளிந்துவிட்டது. பெருமையாக போட்டோகூட எடுத்தேன்.

சேர்த்ததில் திரும்பக் கிடைத்தது (ரிக்கவரி) டெபுகோனசோல் 91 சதவீதம், கார்பென்டசிம் 38. இத்தனைக்கும் எல்சி-எம்எஸ்ஸில் (மூலக்கூறுகளைப் பிரித்து நிறை பார்க்கும் கருவி) ஏற்றும் முன், இழப்பை ஈடுகட்டும் ஒப்பீட்டுக்காக, குப்பியில் டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய கார்பென்டசிம்-டி3 சேர்த்திருக்கிறேன். டி3 கெட்டுப்போயிருக்குமோ? கைடு இன்னொன்று வாங்கித் தர மாட்டார்.

பழைய_அனலிஸ்ட்:
டி3-ஐத் திட்டாதீங்கம்மா. கார்பென்டசிம் தட்டையான மூலக்கூறு, கார்பனில் போய் ஒட்டிக்கொள்ளும். தயாபெண்டசோலும் இப்படித்தான். டெபுகோனசோல் தட்டையில்லை, தப்பித்தது. நீங்கள் டி3 சேர்க்கும்போது திருட்டு நடந்து முடிந்துவிட்டது. கடைசியில் சேர்த்தால் கருவிக்குள் அயனியாக்கத்தில் இலைச்சாறு சிக்னலை அமுக்குவதை மட்டும்தான் அது ஈடுகட்டும். எடைபோட்ட இலையிலேயே, அசிட்டோநைட்ரைல் ஊற்றும் முன் சேர்த்துக் கால் மணி நேரம் விடுங்கள். கார்பன் சாதா கார்பென்டசிம், டி3 இரண்டையும் ஒரே அளவில் பிடிக்கும், விகிதம் குலையாது.

மாஸ்_பைத்தியம்:
அவர் சொன்னது சரி. கூடவே ஒன்று. டி3-இல் மூன்று டியூட்டிரியமும் மெத்தில் தொகுதியில் இருக்கின்றன. கருவிக்குள் உடையும்போது மெத்தனாலோடு போய்விடும். சாதா கார்பென்டசிம் அயனியின் நிறை 192-உம் 160 ஆகிறது, டி3-இன் 195-உம் 160 ஆகிறது! ஒன்றின் சிக்னல் மற்றதில் கலக்கலாம். டி4 (நான்கு டியூட்டிரியம் ஏற்றியது) என்றால் அவை வளையத்தில் இருக்கும், 196-இலிருந்து 164 வரும், குழப்பமில்லை. டி3 கலக்காத சாதா ஸ்டாண்டர்டை மட்டும் ஏற்றி, 195 சேனலில் பீக் எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாமாண்டு_பிஎச்டி:
195 சேனல் சுத்தம், அப்பாடா. அண்ணா சொன்னபடி முதலிலேயே சேர்த்தேன், ரிக்கவரி 96. ஆனால் பீக் அதே குட்டி பீக்தான். விகிதம் சரியானதே தவிர, கார்பனில் போனது போனதுதான். இன்று கார்பனைப் பாதியாகக் குறைத்தேன். பீக் நன்றாக ஏறியது, சாறு லேசான பச்சை. போட்டோ எடுக்கவில்லை.