டிவியில் ஆடுகிறவர்களை அருகில் இருந்து பார்த்த அனுபவம்

சில வருடங்கள் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் எடிட்டிங் அசிஸ்டெண்டாக இருந்தேன், வேலை பெரும்பாலும் நடன நிகழ்ச்சிகள்தான். 2006-ல் விஜய் டிவியில் ஜோடி நம்பர் 1, அடுத்த வருடம் கலைஞர் டிவியில் மானாட மயிலாட என்று கிளம்பிய அலை அடங்காமல் இருந்த காலம் அது. வீட்டில் பார்ப்பவர்களுக்கு மூன்று நிமிட ஆட்டம், அப்புறம் நடுவர்கள் பேச்சு, கொஞ்சம் கண்ணீர். எங்களுக்கு வெட்டாத மொத்தப் பதிவும், அதாவது ரஷ், வரும். பாட்டு முடிந்த பிறகும் கேமரா சில விநாடிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஆடியவர் என்ன பாடுபட்டார் என்பது அங்கேதான் தெரியும். கடைசி போஸில் பளிச்சென்று சிரித்தவர், கட் சொன்னதும் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார். அந்த இடத்தை வெட்டுவதுதான் என் வேலை.

அப்படி ரஷ்ஷிலேயே எனக்குப் பழக்கமான ஒருவரை ஒரு நாள் ஃப்ளோரில் நேரில் பார்த்தேன். பெயர் வேண்டாம். சினிமாவில் பல வருடம் குரூப் டான்ஸர், பிறகு அசிஸ்டெண்ட் மாஸ்டர், அதற்கப்புறம் டிவி. நான் போனபோது ஒரு துணியைக் கோலாவில் நனைத்து ஷூவின் அடிப்பாகத்தில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். செட்டின் தரை கண்ணாடி மாதிரி பளபளக்கும், டிவியில் அழகாகத் தெரியும், ஆடுகிறவருக்கு அது எமன். கோலா காய்ந்ததும் பிசுபிசுப்பு ஏறி ஷூ தரையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஷூவையும் முடித்துவிட்டு, கூட ஆடும் பெண்ணின் ஷூவையும் கேட்டு வாங்கித் தேய்த்தார். அன்றைக்கு ஆட்டத்தில் ஜோடியைத் தூக்குகிற ஒரு லிஃப்ட் இருந்தது, வழுக்கினால் விழப்போவது அந்தப் பெண்தான்.

சினிமாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "அங்க நாகராவுல பாட்டு ஓடும், ரெண்டு எட்டு கவுண்ட் ஆடுவோம், கட் ஆயிடும். தண்ணி குடிச்சிட்டு அடுத்த பிட்டுக்குப் போவோம். இங்க ஒரே மூச்சு தம்பி, மூணாவது நிமிஷத்துலயும் முகத்துல சிரிப்பு இருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு டிவி டான்ஸ் என்றால் சினிமாவுக்கு ஒரு படி கீழே என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

அவர் பெயர் வாங்கியது ஆட்டத்தில் இல்லை. ஒரு இடைவேளையில் யாரையோ போல நடந்து காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள், டைரக்டர் கேமராவை நிறுத்தாமல் விட்டுவிட்டார். அது ஒளிபரப்பானது. அடுத்த வாரமே அவருக்குக் காமெடி ரவுண்டு, பிறகு தொகுப்பாளர் பக்கத்தில் ஒரு இடம், பிறகு அதுவே தொழில். டிவியில் இந்தப் பாதை புதிதில்லை. மானாட மயிலாடவில் ஜோடிகளுக்கு நடனம் அமைத்த சாண்டி, 2019-ல் பிக் பாஸ் வீட்டுக்குள் போய்ச் சிரிக்க வைத்து இரண்டாம் இடம் வந்தார், 2023-ல் லியோவில் வில்லனாகவே வந்து நின்றார். சிவகார்த்திகேயன் கலக்கப்போவது யாருவில் தொடங்கி, ஜோடி நம்பர் 1-ல் ஆடி, அது இது எதுவைத் தொகுத்து, 2012-ல் மெரினாவில் நாயகன் ஆனார். இவர்கள் எல்லாம் கொண்டாடப்பட வேண்டியவர்கள்தான். ஆனால் ஆட மட்டும் தெரிந்தவர், வாய் பேச வராதவர், அவருக்கு டிவியில் ஒரு சீசனுக்கு மேல் இடமில்லை என்பதையும் அதே எடிட் டேபிளில் உட்கார்ந்து பார்த்தேன்.

அதில் எங்கள் கத்தரிக்கும் பங்கு உண்டு. ஒரு நல்ல ஸ்டெப் எட்டு கவுண்ட் முழுதாகத் தெரியவே விடமாட்டார்கள், நடுவில் நடுவர் வாய் பிளப்பதைப் போடு, அம்மா கண் கலங்குவதைப் போடு என்பார்கள். 1958-ல் வந்த வஞ்சிக்கோட்டை வாலிபனில் பத்மினியும் வைஜெயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், பாதத்திலிருந்து தலை வரை உடம்பு முழுதும் தெரிகிற ஷாட்கள் எத்தனை வருகின்றன என்று. டிவியில் ஆடுகிறவருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம், காசு ஒன்றும் கூடச் செலவாகாது.

* * *

எடிட்டிங்கில் இருந்த அண்ணன் எழுதியதைப் படித்ததும் நானும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் அந்தப் பக்கம் இருந்தவள், பின்வரிசையில் ஆடியவள். சினிமா நடனக் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர் அட்டை வாங்குவதற்கே பெரும்பாடு, வாங்கின பிறகும் மாஸ்டர் கூப்பிட்டால்தான் வேலை. டிவி நிகழ்ச்சிக்கு ரிகர்சல் வாடகை ஹாலில் நடக்கும், மூன்று நான்கு நாள், கண்ணாடிகூட இருக்காது, ஒருத்தி ஆட இன்னொருத்தி பார்த்துத் திருத்துவோம். எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது ஒரு அக்கா. காஸ்ட்யூமுக்குள் முட்டிக்கு மாட்டும் உறையை வெளியே தெரியாமல் தைத்துப் போடுவது, கொண்டையில் ஊசி எந்தக் கோணத்தில் குத்தினால் சுற்றும்போது பறக்காது என்பது, இதெல்லாம் அவர் சொன்னது. டிவி சீசன் முடிந்தால் கோயில் திருவிழாவுக்கு ஆடல் பாடல் போவார். அதற்கு அனுமதி கேட்டு ஊர்க்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போக வேண்டியிருக்கும், அனுமதி வராவிட்டால் நிகழ்ச்சி இல்லை, சம்பளமும் இல்லை. "டிவில பார்த்திருக்கேன்" என்று யாராவது வந்து சொன்னால் அன்றைக்கு முழுக்க அந்த அக்கா முகம் மலர்ந்து இருக்கும். அவரைத் திரையில் தனியாகக் காட்டியதே இல்லை, அப்படியும் அடையாளம் கண்டுபிடித்து வந்து பேசினவர்கள் இருந்தார்கள்.

* * *

எனக்கு ஒரே ஒரு சந்திப்புதான். கல்லூரி கல்ச்சுரல்ஸுக்கு ஒரு டிவி டான்ஸரை விருந்தினராக அழைத்திருந்தோம், மேடைப் பொறுப்பு என்னுடையது. வந்ததும் சாப்பிடக்கூடப் போகவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மேடை முழுக்க நடந்தார். பலகைகள் சேருகிற இடத்தில் எல்லாம் நின்று குதிகாலால் அழுத்தினார். ஓரிடத்தில் பலகை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. "எனக்காகக் கேட்கலப்பா, எனக்கு முன்னாடி உங்க பசங்க ஆடப்போறாங்க இல்ல" என்று சொல்லி, பந்தல்காரரை அழைத்து ஆணி அடிக்கச் சொல்லி, அது முடியும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். சாயங்காலம் எங்கள் பையன்கள் ஆடும்போது பக்கவாட்டில் நின்று கவுண்ட் சொல்லிக்கொண்டே இருந்தார், ஒருத்தன் ஸ்டெப்பை மறந்து முழித்தபோது அங்கிருந்தே கையால் காட்டிக்கொடுத்தார்.