20,000 ரூபாய்க்குள் எந்த போன்? பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். வீட்டுக்கு ஒரு போன் வாங்க வேண்டும். பகலில் அது என் கையில் இருக்கும், மாலையில் தம்பி பறித்துக்கொள்வான். அவனுக்கு பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஓடினால் போதும். நான் சுங்குடிச் சேலைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறேன். இப்போதுள்ள போனில் அரக்குச் சிவப்பு ரோஜா நிறமாக விழுகிறது. சேலையைப் பிரித்துப் பார்த்த வாடிக்கையாளர், "படத்தில் வேறு நிறமாக இருந்ததே" என்று திருப்பி அனுப்புகிறார்.

இரண்டு மாடல்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டும் இந்தியாவில் 2024இல் வந்தவை. ரெட்மி நோட் 13 5ஜியில் 108 மெகாபிக்சல் கேமரா. ஆனால் சாதாரணமாக எடுத்தால் ஒன்பது பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் வசதியும் இல்லை. ஐகூ இசட்9 5ஜியில் 50 மெகாபிக்சல்தான், ஆனால் ஓஐஎஸ் உண்டு. அதில் உள்ளது வேகமான டைமென்சிட்டி 7200 சிப் என்பதால் விளையாட்டுக்கும் அதுவே தேவலை. என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இரண்டிலும் உள்ள 2 மெகாபிக்சல் துணைக் கேமராவை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது வெறும் அலங்காரம்.

இசட்9 வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பும் மஞ்சளும் உள்ளபடி பதிகின்றனவா? மதுரை வெயிலில் அரை மணி நேரம் விளையாடினால் சூடாகி வேகம் குறைகிறதா? இதே விலையில் வேறு நல்ல போன் இருந்தாலும் சொல்லுங்கள். முடிந்தால் நீங்கள் எடுத்த துணிப் படம் ஒன்றையும் இங்கே போடுங்கள்.