புதுப்பிப்பு: வீட்டுச் செலவைக் குறைக்க யோசனை கேட்டிருந்தேனே, என்ன ஆயிற்று?

ஈரோட்டில் ஐந்து பேர் குடும்பம், இருபதாம் தேதிக்கே சம்பளம் கரைந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள்.

பெரிய மிச்சம் கரண்ட் பில்லில்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் காசு கூடுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். அதனால் மீட்டர் பார்க்கும் வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, எண்ணைக் காலண்டர் தாளில் குறித்துவிட்டு, "அம்மிணி, இந்த வாரம் ஓட்டம் ஜாஸ்தி, ஏசியைக் கொஞ்சம் அணைச்சு வை" என்பார். போன பில் 500க்குள் அடங்கிவிட்டது.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். வேகாது என்று சிலர் சொன்னீர்கள். வெந்நீரில் ஊறவைத்தால் நன்றாகவே வேகிறது. ராத்திரி அரிசியும் பருப்பும் சாதம், சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு. ஒரே குக்கர், கேஸும் மிச்சம். காய்க்குக் காலையிலேயே சம்பத் நகர் உழவர் சந்தை. பலகையில் விலை எழுதியிருப்பதால் பேரம் பேசும் வேலை இல்லை.

கடலை வாங்கிச் செக்கில் ஆட்டியதில் காசு மிச்சமில்லை. ருசிக்காக வேண்டுமானால் ஆட்டலாம்.

அப்புறம், ஓடிடி சந்தாவை நிறுத்தச் சொன்னவர்களுக்கு: வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.