கலைச்சொல் விவாதம்: "தரையிறங்கு கப்பல்" சரியா, "கரையேறு கப்பல்" சரியா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் எல்.எஸ்.டி. 325இன் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்.எஸ்.டி. என்பது 'லேண்டிங் ஷிப், டேங்க்' என்பதன் சுருக்கம்; டாங்கிகளை நேராகக் கரையில் கொண்டுபோய் இறக்கும் கப்பல். இந்த வகைக் கப்பலுக்கு என்ன பெயர் சொல்வது என்று முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். நேற்று ஐயா எழுதியிருந்தார்:

> "தரையிறங்கு கப்பல்" என்றே வைக்கலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் தமிழில் தரையிறங்குவது விமானம். மேலிருந்து வருவதற்குத்தான் 'இறங்கு' பொருந்தும். தண்ணீரிலிருந்து வருகிறவருக்குக் கரை மேட்டில் இருக்கிறது, அவர் ஏறித்தான் வரவேண்டும். குளத்தில் குளிக்கப் போனவரைக்கூட "கரையேறு, போதும்" என்றுதானே கூப்பிடுகிறோம்? ஈழத்து எழுத்தில் 'தரையிறக்கம்' நன்றாக ஊன்றிவிட்டது. படை நடவடிக்கைக்கு அது இருக்கட்டும். கப்பலுக்கு "கரையேறு கப்பல்" என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

கப்பல் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 328 அடி நீளம், தட்டையான அடிப்பாகம். நடுக்கடலில் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு ஆழமாக அமிழ்ந்து ஓடும். கரை நெருங்கியதும் அந்த நீரை வெளியேற்றிவிடும். அப்போது அணியத்தின் (கப்பலின் முன்புறம்) பக்கம் நாலடித் தண்ணீர்கூட வேண்டாம், பின்புறத்துக்குப் பத்தடி போதும். அப்படியே மணலில் முட்டி ஏறும். அணியத்தில் இரண்டு பெரிய கதவுகள் விரியும், உள்ளேயிருந்து சாய்தளம் இறங்கும், டாங்கிகள் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே வரும். நார்மண்டியில் நீர் வற்றும்போது இவை காய்ந்த மணலில் முழுசாக உட்கார்ந்தே சரக்கு இறக்கின. ஆட்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தூரத்தில் நிற்கும் கப்பல்களும் உண்டு. இது தானே ஏறுகிறது. அந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

'தரைதட்டு' என்பதையும் யோசித்தேன். அது விபத்து, செய்திகளில் அப்படியே பழகிவிட்டது. வேண்டுமென்றே செய்வதற்கு அது ஆகாது.

பெயரின் கடைசியில் இருக்கும் 'டேங்க்' பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் தண்ணீர்த் தொட்டியைத் 'தாங்கி' என்பார்கள். இந்தக் கப்பலிலோ நீர்த்தொட்டியும் உண்டு, போர் வண்டியும் உண்டு. ஆகவே வண்டிக்கு 'டாங்கி', நீருக்குத் 'தொட்டி' என்று பிரித்துவிடுவது நல்லது. முழுப்பெயர்: டாங்கிக் கரையேறு கப்பல்.

---

இதற்குக் குழுவிலிருந்து ஓர் அம்மா எழுதிய பதில்:

> நல்ல சொல். ஒரு சின்னத் தயக்கம். "பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டார்" என்றால் காரியம் முடிந்தது, இனித் திரும்ப வேண்டாம் என்று பொருள். கரையேறிய கப்பல் மறுபடி கடலுக்குப் போகாது என்று படுமோ? அப்புறம், 'கரையேறுக் கப்பல்' என்று நடுவில் 'க்' வருமா?

அம்மா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். 'க்' வராது, வினைத்தொகை. ஏறிய, ஏறுகிற, ஏறும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்குவதால், ஒருமுறை ஏறி முடிந்த கப்பல் என்ற பொருள் வராது. ஏறி ஏறித் திரும்பும் கப்பல் என்றே படும்.

திரும்புவதற்கும் ஒரு சொல் வேண்டும் என்பதை உங்கள் கேள்விதான் காட்டியது. மணலைத் தொடுவதற்கு முன்பே இது பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு, கம்பிவடத்தை விட்டுக்கொண்டே வரும். வேலை முடிந்ததும் அந்த வடத்தைச் சுற்றி இழுத்து, எந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டித் தன்னைத்தானே கடலுக்குள் இழுத்துக்கொள்ளும். இதைக் 'கரைநீங்கல்' எனலாமா? கரையேறல், கரைநீங்கல் என இரண்டும் இணையாக நிற்கின்றன.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க என் வரைவிலிருந்து ஒரு பத்தி. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"பிலடெல்பியாவில் கட்டப்பட்டு 1943 பிப்ரவரி 1 அன்று பணியில் சேர்ந்த இந்தக் கரையேறு கப்பல், அதே ஆண்டு சிசிலித் தரையிறக்கத்திலும் சலேர்னோவிலும் பங்கேற்றது. 1944 ஜூன் 7 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையை அடைந்தது. அடுத்த ஏப்ரலுக்குள் ஆங்கிலக் கால்வாயை 40 முறைக்கு மேல் கடந்தது. 1944 டிசம்பர் 28 அன்று வெடிப்பில் சேதமடைந்த எம்பயர் ஜாவலின் என்ற துருப்புக் கப்பலிலிருந்து சுமார் 700 பேரை மீட்க உதவியது. 1964இல் கிரேக்கக் கடற்படைக்குச் சென்று 'சீரோஸ்' என்ற பெயரில் 1999 வரை உழைத்தது. பிறகு சராசரி வயது 72 இருந்த முன்னாள் மாலுமிகள் சிலர் கிரீட் தீவுக்குப் போய்ப் பழுதுபார்த்து, தாங்களே அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிவந்து, 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் சேர்த்தார்கள்."

கடைசி வாக்கியத்தில் 'கரைசேர்த்தார்கள்' என்றுதான் முதலில் எழுதினேன். கலைச்சொல்லோடு குழம்பக்கூடாது என்று 'சேர்த்தார்கள்' என நிறுத்திக்கொண்டேன்.