22 நாளாகியும் அமோனியா இறங்கவில்லை, தொட்டியில் மீன் விடலாமா?

கேட்பவர், பாபநாசம் பக்கம்:
இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி. ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முதல் தடவை, வாங்கிய அன்றே ஆறு கப்பி மீன் விட்டேன்; நான்கே நாளில் ஆறையும் மாமரத்தடியில் புதைத்தோம். அதனால் இந்த முறை மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்குகிறேன்; அதாவது, மீன் கழிவில் வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை முதலில் வளர்க்கிறேன். ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரவு பகலாக ஓடுகிறது. கடையில் விற்கும் பாக்டீரியா திரவத்தையும் ஊற்றினேன். பாக்டீரியாவுக்குத் தீனியாக அமோனியா வேண்டும் என்றார்கள். யூரியாவும் தண்ணீரில் அமோனியாவாக மாறும் என்று படித்ததால் வீட்டில் இருந்த யூரியாவில் ஒரு தேக்கரண்டி கரைத்தேன்.

இன்றோடு 22 நாள். சோதித்தால் அமோனியா கரும்பச்சை, வண்ண அட்டையின் கடைசிக் கட்டமான 8 (லிட்டருக்கு மில்லிகிராம்). நைட்ரைட் சுழியம், நைட்ரேட்டும் சுழியம். பள்ளி விட்டு வந்ததும் மகள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன தவறு செய்தேன்?

பதில், திருவாரூர்:
குழாய்த் தண்ணீரா? குளோரின் இருந்தால் பாக்டீரியா பிழைக்காது.

கேட்பவர்:
இல்லை, எங்கள் போர் தண்ணீர். குளோரின் கிடையாது. பிஎச் 8 காட்டுகிறது.

பதில், திருத்துறைப்பூண்டி:
எங்கள் ஊர்க் குளத்தில் எவன் அமோனியா பார்த்தான்? கெண்டையும் விராலும் செழிக்கவில்லையா? வாய்க்கால் தண்ணீர் ஒரு குடம் ஊற்றுங்கள், எல்லாம் சரியாகும்.

பதில், மன்னார்குடி:
ஐயா, குளத்துச் சேற்றில் அந்த பாக்டீரியா காலங்காலமாகக் குடியிருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் அதற்கு இனிமேல்தான் குடியிருப்பு கட்ட வேண்டும். வாய்க்கால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நடவு முடிந்து மருந்து தெளித்த வயல்களின் வடிகாலும் அதில்தான் கலக்கிறது.

கேட்டவருக்கு ஒரு கேள்வி: அந்த யூரியா எங்கே வாங்கியது?

கேட்பவர்:
அப்பா குறுவைக்கு வாங்கிய மூட்டையில் எடுத்தது. ஏன் அண்ணா?

பதில், மன்னார்குடி:
அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூட்டையைத் திருப்பிப் பாருங்கள், வேம்பு பூசியது என்று இருக்கும். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் மானிய யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயம். காரணம் என்ன தெரியுமா? மண்ணில் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு மட்டுப்படுத்தும். அதனால் தழைச்சத்து சீக்கிரம் வீணாகாமல் பயிருக்குக் கிடைக்கும். வயலுக்கு நல்லதுதான். ஆனால் உங்கள் தொட்டியில் வளர வேண்டியதும் அதே வேலையைச் செய்யும் பாக்டீரியாதானே! அதற்குச் சோற்றையும் போட்டு வாயையும் கட்டிவிட்டீர்கள்.

வேம்பு மட்டும் குற்றவாளி அல்ல, அளவும்தான். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்று வைத்தாலும், முழுவதும் சிதைந்தால் 50 லிட்டரில் லிட்டருக்குச் சுமார் 45 மில்லிகிராம் அமோனியா. உங்கள் அட்டை 8-க்கு மேல் காட்டாது, அதனால் உண்மை நிலவரம் தெரியவில்லை. மீன் இல்லாமல் பழக்கும்போது 2 போதும். 5-ஐத் தாண்டினால் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா திணறும். பிஎச் 8 என்கிறீர்கள். பிஎச் 7-ஐவிட அங்கே நச்சான அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. இந்த நிலையில் ஒரு மீன்கூட விடாதீர்கள்.

தண்ணீர் முழுவதையும் இறைத்துவிடுங்கள். தென்னைக்கு ஊற்றினால் வீணாகாது. ஸ்பாஞ்சில் எண்ணெய் ஊறியிருக்கும், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். கூழாங்கல்லை வெந்நீரில் அலசுங்கள், சோப்பு கூடாது. பிறகு தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போதும், அதுவே அழுகி அமோனியா தரும். இறால் துண்டு போடுவாருமுண்டு, ஆனால் வீட்டில் யாரும் கூடத்தில் உட்கார முடியாது.

பதில், கும்பகோணம்:
என்னிடம் மூன்று வருடமாக ஓடும் தொட்டி இருக்கிறது. அந்த பாக்டீரியா குடியிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டித் தருகிறேன். தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி, காற்றுவிட்டு எடுத்துப்போங்கள். பஸ்ஸில் வெயில் படாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் பயனில்லை.

கேட்பவர்:
மூட்டையில் வேம்பு என்றே அச்சிட்டிருக்கிறது. அப்பா சிரித்துக்கொண்டே இருக்கிறார். அந்தக் காலத்தில் யூரியாவோடு வேப்பம்பிண்ணாக்கைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து வயலில் இடுவார்களாம். "என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே" என்கிறார். கேட்கத் தோன்றவில்லை.

கேட்பவர் (11 நாள் கழித்து):
கும்பகோணத்து ஸ்பாஞ்ச் வேலை செய்கிறது. அமோனியா 0.5. நைட்ரைட் சோதனை முதல் முறையாக ஊதா நிறம்! நடுவில் தண்ணீர் பால் போல வெளுத்து, தானாகத் தெளிந்தது.

பதில், மன்னார்குடி:
வெளுத்தது வேறு பாக்டீரியா, பயமில்லை. ஊதா நிறத்தைப் பார்த்து மீன் வாங்க ஓடாதீர்கள். நைட்ரைட்டும் மீனைக் கொல்லும். தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே அமோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் சுழியத்தில் நிற்க வேண்டும். பிறகு பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடுங்கள்.

கேட்பவர் (மேலும் 16 நாள் கழித்து):
எட்டு நாளாக இரண்டும் சுழியம், நைட்ரேட் 40. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகிறோம். மகள் பன்னிரண்டு வேண்டும் என்கிறாள்.

பதில், மன்னார்குடி:
முதலில் நான்கு கப்பி. இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள்.

பதில், கும்பகோணம்:
ஸ்பாஞ்சைக் கழுவினால், பாக்டீரியா போய்விடாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். மறுபாதியை வெட்டிக் கொடுத்துவிட்டால் என் தொட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது.