துளை சின்னதானால் ஹீலியம் ஓடுமா, நிற்குமா?

கானாடுகாத்தான் பையன்:
காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் படிக்கிறேன். செமினாருக்கு மீப்பாய்மம் என்று பெயர் கொடுத்துவிட்டு இப்போது முழிக்கிறேன். 2.17 கெல்வினுக்குக் கீழே திரவ ஹீலியம் மயிரிழை இடுக்கில்கூடத் தடையில்லாமல் ஓடும் என்று 1938-ல் கபிட்சா ஒரு பக்கம், ஆலனும் மிஸனரும் ஒரு பக்கம் காட்டினார்கள், அது சரி. ஆனால் 2.5 நானோமீட்டர் துளைக்குள் அடைத்தால் அந்தத் தன்மையே அமுங்கிப்போகிறது என்று ஒரு கட்டுரையில் இருக்கிறது. இடுக்கில் ஓடுவதுதானே இதன் பெருமை? அப்பத்தா வீட்டு மண்பானை கசிகிற மாதிரி என்று ஆரம்பிக்கலாமென்று இருந்தேன், இப்போது பயமாக இருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:
பானையை முதலில் ஓரமாக வையுங்கள் தம்பி. அதில் கசிவது சாதாரணத் தண்ணீர், துளையின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஹீலியம் 2.17-க்குக் கீழே இரண்டு பாய்மங்கள் கலந்ததுபோல நடந்துகொள்ளும். பாகுநிலை (ஓட்டத்துக்கு உள்உராய்வு) உள்ள பங்கு இடுக்கின் சுவரோடு சிக்கி நின்றுவிடும், மற்றது மட்டும் நழுவிப் போகும். (அதற்காக இரண்டையும் தனித்தனி டம்ளரில் பிரித்து ஊற்றலாம் என்று செமினாரில் சொல்லிவிடாதீர்கள், எல்லாம் ஒரே வகை அணுதான்.) ஆக இடுக்கு மீப்பாய்மத்தை உண்டாக்குவதில்லை, மற்றதை மறித்து இதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஊரணிக்கரை:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் தம்பி கேட்டதில் பாதிதான். துளை நானோமீட்டர் அளவுக்கு வந்ததும் திரவமே மாறிப்போகிறது. சுவரின் ஈர்ப்பில் முதல் ஓரிரு அடுக்கு அணுக்கள் திண்மம் மாதிரி ஒட்டிக்கொள்ளும், அவை ஓட்டத்தில் சேராது. வைக்கர் என்ற நுண்துளைக் கண்ணாடியில் துளை சுமார் 7 நானோமீட்டர், அதிலேயே மீப்பாய்மமாக மாறும் வெப்பநிலை 2 கெல்வினை ஒட்டி இறங்கிவிடுகிறது. 2.5 என்றால் குறுக்கே ஏழு அணுதான் நிற்கும், இரண்டு பக்கமும் ஒட்டியது போக மிச்சத்தை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே சுமார் 1.4 கெல்வின் வரை குளிர்வித்தால்தான் மீப்பாய்மம் தலைகாட்டும்.

ஏன் என்றால், அணுக்கள் ஒன்றோடொன்று இடம் மாறிக்கொண்டே இருந்தால்தான் இந்தத் தன்மை வரும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் வளவில் (நடுமுற்றத்தில்) நூறு பேர் நின்றாலும் ஆள் மாறி ஆள் நகர்ந்துவிடலாம், அதே கூட்டத்தைப் பட்டாலைக்கும் (முன்கூடத்துக்கும்) வளவுக்கும் நடுவிலுள்ள நிலைவாசலில் நிறுத்திப் பாருங்கள், சாப்பாட்டுப் பந்திக்கு யாரும் போய்ச் சேரமாட்டார்கள். இதில் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மோசம். 2004-ல் ஜப்பானில் யமமோட்டோ, ஷிராஹாமா குழு இந்த 2.5 நானோமீட்டர் துளையில் செய்தது அதுதான்: அழுத்தம் ஏற ஏற மாற்ற வெப்பநிலை இறங்கிக்கொண்டே போய், சுமார் 34 வளிமண்டல அழுத்தத்தில் சுழியைத் தொடுகிறது. வெளியே 25-லேயே ஹீலியம் உறைந்துவிடும், துளைக்குள் அந்த அழுத்தத்திலும் உறையவில்லை, ஆனால் ஓடவும் இல்லை. ஒடுக்கம் (அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரள்வது) அங்கங்கே தீவு தீவாக உருவாகி, தீவுகள் ஒன்றோடொன்று இசையாமல் நிற்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த இடம் இது.

கானாடுகாத்தான் பையன்:
ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. துளைக்குள் ஓடுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? உள்ளே எட்டிப் பார்க்க முடியாதே.

தேவகோட்டை ரஸ்தா:
முறுக்கு ஊசல். துளைக்கண்ணாடியை ஒரு கம்பியில் மாட்டி முன்னும் பின்னும் திருகி ஆடவிடுவார்கள். சாதாரண ஹீலியம் கண்ணாடியோடு சேர்ந்து ஆடும், மீப்பாய்மம் கழன்றுகொண்டு சும்மா நிற்கும், அதனால் நிலைமத் திருப்புத்திறன் (திருகலுக்குக் காட்டும் மந்தம்) குறைந்து அலைவுக் காலம் சுருங்கும். கட்டுரையில் அந்தப் படம் கட்டாயம் இருக்கும், பாருங்கள்.

கானாடுகாத்தான் பையன்:
இருக்கிறது அண்ணே. அதற்கு அடுத்த படத்தில் கீழ் அச்சு அழுத்தமாம், ரெண்டு நாளாக நான் அதை வெப்பநிலை என்று நினைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.